எட்டு மதிப்பெண்

தாராவி, தொண்ணூறடி சாலை. மாடியில் கிளினிக்.
எக்ஸ்ரே படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.

ஞானப்பல்
முன்பக்கம் சாய்ந்திருந்தால் ஒன்று,
படுத்துக் கிடந்தால் இரண்டு.
இதுவோ நிமிர்ந்தாற்போல் நடித்துப்
பின்பக்கம் சாய்ந்திருக்கிறது: நான்கு.
ஆழத்துக்கு இரண்டு.
தாடையின் ஏற்றத்துக்குள் பாதி உடம்பை
ஒளித்துக்கொண்டதற்கு இரண்டு.

“எட்டு” என்றேன்.
“பாஸா டாக்டர்?” என்றார் எபனேசர்,
இரண்டு விரல்கூட நுழையாத வாயால்.

வேர்நுனியில் ஒரு கறுப்புப் பட்டை.
நரம்பு ஓடும் கால்வாயின் வெள்ளைக் கரை
அந்த இடத்தில் மட்டும் அறுந்திருந்தது.
“கீழுதடு கொஞ்ச நாள் மரத்துப்போகலாம்.
சிலருக்கு
உணர்ச்சி திரும்புவதே இல்லை.”

அவர் சட்டைப்பையைத் துழாவி
ஒரு பிடி செருப்பாணியை
என் மேசையில் வைத்தார்.
“இருபது வருசமா இதுங்க உதட்டுலதான் நிக்குது.
கை ரெண்டும் தோலுக்கும் சுத்தியலுக்கும்.
இன்னும் எத்தன மிச்சம்னு
உதடுதான் எண்ணும்.”

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
எட்டை அடித்துவிட்டுப்
பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே பட்டறையில் யாரோ அடிக்கிறார்கள்;
அடிக்கும் அடிக்கும் நடுவே
ஓர் உதடு
ஓர் ஆணியை விடுகிறது.