இரண்டாம் சந்தேக நபர்

கிளீவ்லாண்டில் பதினொரு கடைகளைக் கொள்ளையடித்திருக்கிறேன்.
பெட்ரோல் பங்க் நான்கு, மருந்துக்கடை இரண்டு.
மற்றதெல்லாம் ஒரே கடைதான்,
பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவார்கள்.

வியாழன் இரவு ஒன்பது மணி.
நடந்த குற்றங்களைத் திரும்ப நடித்துக் காட்டும் நிகழ்ச்சி.
நாளுக்கு நூற்றி நாற்பது டாலர், மதியச் சாப்பாடு உண்டு.
மீதி நாட்களில் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறேன்.
அதை நடித்துக் காட்டச் சொல்லி
யாரும் கூப்பிட்டதில்லை.

அழைப்புத் தாளில் இருக்கும்:
இரண்டாம் சந்தேக நபர். கறுப்பினத்தவர். வாட்டசாட்டம். வசனம் இல்லை.
கல்லாவில் நிற்பவருக்குப் பெயர் உண்டு,
மூட்டுவலி உண்டு,
கல்லூரிக்குப் பணம் கட்டவேண்டிய மகள் உண்டு.
ஒருமுறை கேட்டேன்:
"இவன் எங்கே ஓடுகிறான்?"
இயக்குநர் தாளைப் புரட்டினார்.
"ஃபிரேமுக்கு வெளியே."

கெட்டவர் இல்லை அவர்.
என் காபிக்கு எத்தனை சர்க்கரை என்று நினைவு வைத்திருப்பவர்.
"இன்னும் கொஞ்சம் கோபம், எல்ஸ்வர்த்.
உன்னோட இயல்பான கோபம்."

இயல்பான.
இரண்டு நாள் அந்தச் சொல்
மீன்முள்ளாய்த் தொண்டையில் நின்றது.

இப்போதெல்லாம் சவரம் செய்யும்போது
புருவம் தானாக இறங்கிவிடுகிறது.
பேருந்தில் ஓர் அம்மாள்
கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்:
"உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேன்."
பார்த்திருப்பார்.
பார்க்காதவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

இசைக்கவையைச் சட்டைப்பையில்
வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வது வழக்கம்,
தொழில்காரன் என்று தெரியட்டுமே என்று.
ஒரு மாலை, காவலர் ஒருவர்
அதைக் கீழே போடச் சொன்னார்.
போட்டேன்.
நடைபாதையில் விழுந்தும்
சரியான சுரத்தில்தான் ஒலித்தது.

அக்டோபரில் பள்ளிப் புகைப்படம் வந்தது.
லெமுவேலுக்கு எட்டு வயது,
மேல்பல் இரண்டும் விழுந்த வாய்.
அந்த ஓட்டைச் சிரிப்பைக் காணத்தான்
உறையைக் கிழித்தோம்.
படத்தில் வாயை மூடியிருக்கிறான்.
தாடையை இறுக்கி, தலையைச் சாய்த்து,
அடியிலிருந்து ஒரு பார்வை.
தெரிந்த முகம்.
கூலி வாங்கிக்கொண்டு நான் செய்த முகம்.

"சிரிக்கச் சொல்லலையா அவர்?"
"சொன்னாருப்பா. நான்தான் பெரிய ஆளு மாதிரி வெச்சுக்கிட்டேன்."

வெர்னீட்டா அதைச் சட்டம் போடவில்லை.
இழுப்பறையில், மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்தாள்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
வாடகை ஒன்றாம் தேதி.

ஒரு சனிக்கிழமை
பழைய பகுதி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான் பையன்.
கதவருகில் நின்று பார்த்தேன்.
நான் ஓடுகிறேன்,
என் முழங்கை பட்டு ஆரஞ்சுக் குவியல் சரிகிறது,
ஒன்று உருள்கிறது,
என்னைக் கேட்காமலே என் கை அதைப் பிடித்து
குவியல்மேல் திரும்ப வைக்கிறது.
பிறகு ஓடுகிறேன்.
அரை நொடி இருக்கும்.
படத்தொகுப்பாளர் கண்ணிலேயே படவில்லை,
என் கண்ணிலும்.
லெமுவேல் அங்கே நிறுத்தி வைத்திருந்தான்.
"இங்க பாருப்பா. இது நீ."

அதற்குப் பிறகு
படப்பிடிப்புக்குப் போகும்போதெல்லாம்
எதையாவது விட்டுவரப் பார்க்கிறேன்.
தப்பி ஓடும் அவசரத்தில்
திறந்து கிடந்த குளிர்பெட்டியைச் சாத்தினேன்.
போன வாரம் கடைக்குள் நுழையுமுன்
மிதியடியில் கால் துடைத்தேன்.

"கட்! எல்ஸ்வர்த், திருடன் கால் துடைக்க மாட்டான்."
"இவன் துடைப்பான்," என்றேன். "வளர்ப்பு அப்படி."
விளக்குக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
மறுபடி எடுத்தார்கள்.

வியாழன். ஒன்பது ஐந்து.
ரிமோட்டைப் பிடித்தபடி
தரையில் குப்புறக் கிடக்கிறான் லெமுவேல்.
நான் ஓடுகிறேன்.
நிறுத்துகிறான். பின்னால் தள்ளுகிறான்.
திரும்பவும் ஓடுகிறேன்.