திரைக்கு இந்தப் பக்கம்

என் வேலை பெண்களைத் தொடுவது.
பெங்களூரு விமான நிலையம், ஏழாம் வரிசை,
சாம்பல் நிறத் திரைக்குள் ஒரு மரப்படி.
ஏறி நில்லுங்க, கையை விரிங்க, திரும்புங்க.
ஒரு ஷிப்டுக்கு நானூறு பேர்.
தோள், அக்குள், இடுப்பு, கணுக்கால்.
எட்டு மணி நேரம் முடிந்ததும்
உள்ளங்கையில் ஒருத்தியும் மிஞ்சியிருக்க மாட்டாள்.

நேற்று விடிகாலை நாலரைக்குப்
படியில் ஏறி நின்றாள் வஞ்சி.

வஞ்சியை உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம்.
எட்டு பாகத் தொடரில் டவுன்பஸ் கண்டக்டர்.
கடைசி டிரிப்பில் மெர்சிக்கு மட்டும்
தன் காசில் டிக்கெட் கிழிப்பாள்.
லிங்கராஜபுரத்தில் எங்கள் ஒற்றை அறையில்
ஆறு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து
ஐந்து முறை பார்த்தோம்.
ஆறாம் பாகம், பணிமனை, மழை.
அங்கே மட்டும் ஜெசிந்தா நிறுத்திவிடுவாள்.
வஞ்சியின் காறையெலும்புக்குக் கீழே
எள்ளளவு மச்சம்.
"ஆண்டவர் பேனாவை வெச்சு எடுத்த இடம் பாரு" என்பாள்,
மறுபடி ஓடவிட மாட்டாள்.

அந்த நடிகை ஒரு பேட்டியில் சிரித்தாள்:
"ஐயோ, நான் அந்த மாதிரி இல்லீங்க. அது நடிப்பு."
அடுத்த தையில் கல்யாணம்.
நாகலதா இரண்டு நாள் சாப்பிடவில்லை.
வஞ்சி வேற, அவ வேற என்று
நான்தான் வகுப்பெடுத்தேன்.
போலீஸ் வேஷம் போட்டவன்கிட்ட
யாராவது செயின் காணோம்னு எழுதிக் குடுப்பாங்களா?
"நடிப்புன்னு தெரியும்டி" என்றாள்,
"அந்த ஐயோ எதுக்கு?"
யாரிடமும் பதிலில்லை.
கோபத்தில் அவள் விளம்பரம் செய்த துணி சோப்பை
மூன்று மாதம் வாங்காமல் விட்டோம்.
பிறகு விலையைக் குறைத்தார்கள்.

போர்டிங் பாஸில் வேறு பெயர்:
ரேணுகாதேவி லோகநாதன்.
சலவையில் தளர்ந்த பருத்திக் குர்தா,
கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு.
கருவி மார்பருகே கத்தியது.
"கொக்கிதான்" என்றாள், நூறு வாசலில் சொல்லித் தேய்ந்த குரலில்.
அது வஞ்சியின் குரலும் இல்லை.
வேறு யாரோ பேசிக் கொடுத்திருக்கிறார்கள்.
காறையெலும்பின் கீழே கை போனது.
மச்சம் இல்லை.
வெறும் தோல். அதில் காய்ந்த பால் வாசனை.

திரைக்கு வெளியே எக்ஸ்ரே தட்டருகில் ஓர் ஆண் குரல்:
"இந்த பாட்டில் யாருது? என்ன திரவம்?"
என் கைக்கடியில் அவள் உடம்பு ஒரு நொடி விறைத்தது.
"என் பால்தான். குழந்தை சென்னைல இருக்கு"
என்று என்னிடம் சொன்னாள்,
கேட்டவனிடம் அல்ல.

பணிமனை மழையில் மெர்சியைத் தொட்டபோதும்
இவள் இப்படித்தான் தொட்டிருப்பாள்.
கை எங்கே, எத்தனை நொடி, விளக்கு எந்தப் பக்கம்.
சம்பளத்துக்கு. மரியாதையாக.
மற்றவளுக்குக் கூசாமல்.
அதைப் பார்த்து நான் அழுதது பொய்யா என்றால்
அதுவும் இல்லை.
என் கைபட்டு ஏதோ ஒருத்தி
ஏதோ ஒரு விடிகாலையில் சிலிர்த்திருந்தால்
அதற்கு நான் பொறுப்பா?

ஆனாலும் அந்த 'ஐயோ' தொண்டையில் நின்றது.
திரைக்குள் இருவர்தான். கேட்டிருக்கலாம்.
"போலாம்" என்றேன்.
வெளியே வந்து
தாய்ப்பாலுக்குத் தடையில்லை சார் என்று
கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

வீட்டில் ஜெசிந்தா
மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
"மச்சம்?" முதல் கேள்வியே அதுதான்.
"மேக்கப்பு."
பின்னிய ஜடை பாதியில் நின்றது.
"அப்போ அது வஞ்சியோடது,
அந்தம்மாவோடது இல்ல.
நல்லதாப் போச்சு."
கண்மைப் பென்சிலைத் தேடி எடுத்து
என் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள்.

இன்று காலை அணிவகுப்பில்
காலருக்குக் கீழே என்ன கறை என்றார்
ஹரியானாக்கார இன்ஸ்பெக்டர்.
பேனா கசிஞ்சிடுச்சு மேடம் என்றேன்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.