அசல் இணைக்கப்படவேண்டும்

திருமதி ரூசென்லுண்டு அவர்களுக்கு,
பயண உதவித்தொகைப் பிரிவு, கோத்தன்பர்க்.

முதலில் நீங்கள் செலவழியுங்கள்
பிறகு நாங்கள் தருகிறோம் என்றிருந்தது
உங்கள் வாழ்த்துக் கடிதத்தில்.
வார்டில் வாசித்துக் காட்டினேன்.
"சரிதான், வெள்ளம் வடிந்ததும் படகு வரும்"
என்றாள் தமந்தனி,
இரவுப் பணி முடிந்து காலணியைக் கழற்றியபடி.

அப்புறம் அவள்தான்
காலி மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்துச்
சுற்றுக்கு விட்டாள்:
எக்ஸ்ரே அறை பிளெஸ்ஸிங்ஸ், பத்தாயிரம் குவாச்சா.
பிணவறைக் காவலர், இரண்டாயிரம்,
"உன் நோயாளிகள் என்னிடம் வராமலிருக்க."
மயக்க மருந்து வெஸி, பெருந்தொகை,
கடனாக, வட்டியில்லாமல்,
ஆனால் ஞாபகத்தோடு.

அந்த அட்டையை ரசீதாக ஏற்பீர்களா?

மூன்றாம் பக்கம், உள்ளூர்ப் போக்குவரத்து.
விசாவுக்காக லிலோங்வேக்கு இரண்டுமுறை போனேன்.
முதல்முறை புகைப்படத்தில் காது தெரியவில்லையாம்.
பிளான்டயர் மினிபஸ்ஸில் ரசீது கேட்டால்
கண்டக்டர் பாடத் தொடங்கிவிடுவான்.
பதினாறு பேர் இடத்தில் இருபத்திரண்டு பேர்,
என் மடியில் யாருடையதோ ஒரு கோழி.
அதன் துடிப்பு நிமிடத்துக்கு முந்நூறு இருக்கும்.
எண்ணிக்கொண்டே வந்தேன்,
வேறென்ன செய்ய.

சுவரொட்டியைத் துணியில் அச்சடித்தேன், மடிக்கலாமே என்று.
நூற்று நான்கு பிள்ளைகள் அதில்,
தொண்டைப் புண்ணில் தொடங்கி
வால்வு வரை வந்துவிட்டவர்கள்.
பல்துலக்கிக்கும் கம்பளிச் சட்டைக்கும் நடுவே
ஏழு கிலோவுக்குள் அடங்கினார்கள்.

என் எண் நானூற்றுப் பதினேழு.
காபி இயந்திரத்துக்கு அப்பால்
கதவு திறக்கும்போதெல்லாம் குளிரடிக்கும் மூலை.
பன்னிரண்டே காலிலிருந்து ஒரு மணிவரை நின்றேன்,
மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவர் கழிப்பறை எங்கே என்றார், காட்டினேன்.
ஒருவர் என்னை நகரச் சொல்லிப் படமெடுத்தார்.
மூன்றாவதாக மரிபெல், பெரு நாட்டுப் பயிற்சி மருத்துவர்,
என்னைப்போலவே கழுத்தட்டையில் பச்சைக் கோடு
(உதவித்தொகைக்காரர்களுக்கு மட்டும் பச்சை).
நேராக எட்டாவது வரியில் விரலை வைத்தாள்:
"ஊசிக்கு ஏன் திரும்பி வருவதில்லை?"
"வலி."
"எங்களுக்கும் அதேதான்."

சாப்பாட்டு நேரம் முழுக்க
அந்த ஒரு சொல்லைப் பேசினோம்.
குப்பியை உள்ளங்கையில் பொத்திக் குளிர்போக்குவது,
மரக்கச்செய்யும் மருந்து துளி சேர்ப்பது,
குத்துமுன் அந்த இடத்தைக் கட்டைவிரலால்
பத்து எண்ணும்வரை அழுத்துவது,
பிறகு மெதுவாக, இன்னும் மெதுவாக,
பிள்ளை தன் நாயைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை.

பெரிய அரங்கில் அப்போது
நெஞ்சைத் திறக்காமலே வால்வு மாற்றும் காணொளி.
கைத்தட்டல் சுவர் தாண்டிக் கேட்டது.
அழகாகத்தான் இருந்திருக்கும்.

எழுதிக்கொள்ளக் காகிதமில்லை.
சட்டைப்பையில் போர்டிங் பாஸ் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், அம்மையீர்.
ஆறாம் விதி: போர்டிங் பாஸ் அசல் இணைக்கப்படவேண்டும்,
நகல் ஏற்கப்படாது.
அசல் எங்கள் சிகிச்சை அறைச் சுவரில் இருக்கிறது,
நான்கு ஓரமும் பிளாஸ்திரி,
எழுதிய பக்கம் வெளியே.
நேற்று லுசுங்கு வந்தாள். பதினொரு வயது,
நான்கு மாதமாகக் காணாமல் போனவள்.
தமந்தனி சுவரைப் பார்த்துப் பார்த்துக்
கட்டைவிரலை வைத்து எண்ணினாள்.
கத்தவில்லை என்றால் பொய். கத்தினாள்.
போகும்போது,
அடுத்த தேதி என்ன என்று கேட்டாள்.

பிய்த்தால் கிழிந்துவிடும்.
ஆகவே நகல் அனுப்புகிறேன், இரண்டு பக்கமும்.
முன்பக்கம் அடிஸ் அபாபா வழி, நடு இருக்கை.
பின்பக்கம் உங்கள் கணக்குக்குத் தேவைப்படாது,
இருந்தாலும் வாசியுங்கள்.

சீக்கிரம் முடிவு சொன்னால் நல்லது.
வெஸி வட்டி கேட்கவில்லை,
அசலைத்தான் கேட்கிறான்.