உள்தையல்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் தடம்.
ஃபாஸ்டாக் இல்லாத வண்டிக்குத்தான் நான்,
மற்றதெல்லாம் என்னைப் பார்க்காமலே போகும்.
நாற்காலியின் இரண்டு கைகளுக்கு நடுவே
காலை ஆறுக்கு என்னை இறக்கி வைத்தால்
மதியம் இரண்டுக்குத்தான் பிடுங்கி எடுப்பேன்.

பேருந்து நிறுத்தம் வரை நானூறு அடி.
தொடையோடு தொடை உரசி
நூறாவது அடியிலேயே தீப்பிடிக்கும்.
தேங்காயெண்ணெய், பவுடர்,
தம்பியின் பழைய டவுசரை வெட்டித் தைத்த உள்ளாடை.
யாருக்கும் தெரியாமல் நான் பார்க்காத வைத்தியமில்லை.

பழையபேட்டையில் ஷாஹீன் அக்காவின் தையல்கடை.
மாசம் ஒரு பேண்ட் கொண்டுபோவேன்.
எல்லாம் ஒரே இடத்தில் நைந்திருக்கும்:
உள்தையலுக்கு இருபுறமும், உள்ளங்கை அகலம்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள்,
ஒன்றும் சொல்லாமல் ஒட்டுத்துணி தேடுவாள்.
அவள் சொல்லாத அந்த ஒன்றுதான்
ராயக்கோட்டை ரோட்டில் டயர்கடை மாடிக்கு
என்னை ஏற்றியது.

அங்கே நாகவேணி.
கபடியில் இடதுகாது மடல் நசுங்கியவள்.
தொடை மட்டும் குறைந்தால் போதும் என்றேன்,
மற்றதெல்லாம் இருக்கட்டும்.
"லாரிய தெனம் பாக்குறவதானே நீ?
மொதல்ல ஏத்தின மூட்டை
கடைசியாத்தான் எறங்கும்.
எது முன்னாடி எறங்கணும்னு
ஆர்டர் போட முடியாது."

கொள்ளு, மூன்று முட்டை, கீரை.
களியா, தாராளமா, என்றாள்.
என் வீட்டு உருண்டையின் அளவைக் காட்டினேன்,
பக்கத்தில் தன் முஷ்டியை வைத்துக் காட்டினாள்.
செந்தூரா வந்து இறங்கிய மாசம் அது.
ஊரெல்லாம் பழவாடை, மண்டிப் பக்கம் போகவே பயம்.
"ரெண்டு துண்டு தின்னு, பாவமில்ல.
சாவடியில குடிக்கிற ஆறு டீதான்
உன் கடன்காரன்."
ஆறையும் சர்க்கரையில்லாமல் குடித்தேன்.
மூன்றாம் நாளே அது இரண்டாகிவிட்டது.

உட்கார்ந்து சேர்த்ததை
உட்கார்ந்து எழுந்துதான் கழிக்கணுமாம்.
முதல்வாரம் வெறுங்கம்பி.
அதற்கே மாடிப்படியில்
சுவரைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினேன்.

கன்னம் முதலில் போனது.
மோதிரம் சோப்புநுரையில் கழன்று
வாளிக்குள் விழுந்தது.
சூப்பர்வைசர் "சுகரா?" என்றார்.
வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனைக்கென்று
ஆயிரம் ரூபாயை அலமாரியில் மடித்து வைத்தார்.
தொடை?
அறுபத்தாறு சென்டிமீட்டர்.
அறுபத்தைந்தரை.
மறுபடி அறுபத்தாறு.
நாடா சுருங்கிவிட்டதென்று புதிதாக ஒன்று வாங்கினேன்.
அதுவும் அதையே சொன்னது.

ஐந்தாம் மாசம் தோளில் ஐம்பது கிலோ,
எங்கள் வீட்டு அரிசிச் சிப்பம் இரண்டு.
நாகவேணி பாராட்டவில்லை.
"முட்டி உள்ள மடங்குது," என்றாள்.

ஒரு ராத்திரி ஷிப்ட்.
ஓசூர்ப் பக்கமிருந்து தக்காளி லாரி.
டிரைவருக்குக் கொடுத்த மீதியில்
பத்து ரூபாய்க் காசு நழுவி
மேசைக்கு அடியில் உருண்டது.
குந்தினேன், எடுத்தேன், எழுந்தேன்,
கொடுத்தேன்.
மூன்று வண்டி போன பிறகுதான் உறைத்தது:
கை எதையும் பிடிக்கவில்லை.

சொல்ல யாருமில்லை.
எட்டாம் தடத்துப் பெண்
கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் பேண்ட் கிழிந்தது.
ஷாஹீன் அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்,
வழக்கமான இடத்தை விரலால் தேடினாள்.
உள்தையல் முழுசாக இருந்தது.
புரட்டினாள்.
வெளித்தையலில், தொடைக்கு நேராக,
நாலு அங்குலத்துக்கு நூல் தெறித்திருந்தது.

"இது தேஞ்சதில்ல," என்றாள்
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக.
"முட்டிக்கிட்டு வெளிய வந்திருக்கு.
என்ன பண்றே நீ?"

நாடாவில் அறுபத்திநான்கு.
வேர்க்கிற நாளில் இன்னும் உரசத்தான் செய்கிறது,
மேலே ஒரு நாலுவிரல் அகலம்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

"பிரிச்சு கொஞ்சம் லூசா விடட்டுமா?"

வேணாம்க்கா,
தடிச்ச நூலாப் போடுங்க.