பெயரைப் பிரிக்கிறவள்

நவம்பர். ஆட்டக்காரர் அறையில்
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது.
என் மேசைமேல் பதினொரு சட்டைகள்.
முதுகிலிருந்து பெயரைப் பிரித்தெடுக்க வேண்டும்.

பெர்டோமோ. ஆங்கிலத்தில் ஏழு எழுத்து.
தைக்க நாற்பது நிமிடம் பிடித்தது.
பிரிக்க ஒன்பது.
எழுத்து இருந்த இடத்தில் துணி
வெயில் படாமல் புதிதாகவே இருக்கிறது.
எட்ட நின்று பார்த்தால்
இன்னும் படிக்கலாம்.

ஆறு வருடம் இங்கே ஓடினான்,
இரண்டாம் தளத்திலிருந்து மூன்றாம் தளத்துக்கு
முழங்கால் தோலை மண்ணுக்குக் கொடுத்து.
கடற்கரை நகரத்து அணி
முப்பது கோடி டாலர் என்றது.
எங்கள் முதலாளி நிருபர்கள் முன்னால்
கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.
படம் நன்றாக வந்திருந்தது.

அன்றிரவு, ஒஹையோ ஆற்றைப் பார்த்த
காசிமிரின் பாரில் ஒரே கூச்சல்.
"உச்சவரம்பு வேண்டும்!
ஐஸ் ஹாக்கியில் இல்லையா?
அவர்கள் எறிகிறவன் ஒருவனின் வலது கை
நம் மொத்த அணியின் விலை.
இது ஆட்டமா, ஏலமா?"
வெர்ன் ட்லஸ்டி மேசையைக் குத்தியதில்
என் பியர் பாதி தரையில்.
நானும் தலையாட்டினேன்.
பத்தொன்பது அக்டோபர்கள்
வேறு ஊர்க்காரர்கள் கட்டிப்பிடித்து அழுவதை
டிவியில் பார்த்தவள் நான்.
செப்டம்பரில் இருக்கைகள் காலியாவதை
கடுகுச் சட்னி காயும் வாசனையிலேயே சொல்லிவிடுவேன்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது.
உச்சவரம்பு எனக்கு ஏற்கெனவே உண்டு.
மணிக்குப் பத்தொன்பது டாலர் நாற்பது காசு,
அதற்குமேல் இந்த வேலைக்குக் கிடையாது என்று
காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறது.
அதற்காக எந்த பாரிலும் யாரும்
மேசையைக் குத்தியதில்லை.

பெர்டோமோவுக்குக் கொடுக்காத பணம்
எங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது?
டிக்கெட் விலை இறங்கியதா? இல்லை.
பியர் பதினாலு டாலர்.
வரம்பு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.
யானைக்கும் பானைக்கும் சரி என்று
அதோடு முடித்துவிடாதீர்கள்.
இதற்குக் குறைந்து எந்த அணியும் செலவழிக்கக் கூடாது என்று
கீழேயும் ஒரு கோடு போடுங்கள்.
கைக்குட்டை வாங்க ஒதுக்கும் பங்குக்கும்
ஒரு கோடு இருக்கட்டும்.

இப்படியெல்லாம் பேசுகிறேனே,
ஏப்ரலில் அவன் அந்த நீலச் சட்டையோடு வந்து
மட்டையைத் தூக்கும்போது
முதல் ஆளாக நான்தான் ஊளையிடுவேன்.
அதுவும் தெரியும்.

போன செவ்வாய் பையெடுக்க வந்தான்.
"தோன்யா மிலா,
முதல் மூன்று வருடம் அடிமட்டச் சம்பளம் வாங்கினேன்.
அப்போது யாரும் சமநிலை என்று பேசவில்லையே?"
அந்த அடிமட்டமே
என் முப்பது வருடச் சம்பளத்தைவிடப் பெரிது.
அவனிடம் சொல்லவில்லை.
அவன் கேட்டதிலும் பிழையில்லை.
ஜிப் மாட்டிக்கொண்ட பையை
இருவரும் சேர்ந்து மூடினோம்.

புதுப் பையன் ஓடுபர், அரூபாத் தீவுக்காரன்,
இருபத்திரண்டு வயது, மலிவு.
ஓ, டி, இ, ஆர் நான்கும்
பெர்டோமோவிலேயே கிடைத்துவிட்டன.
மேலாளர் தோளைத் தட்டி "சிக்கனம்" என்றார்.
மிஞ்சிய மூன்றும் இழுப்பறைக்குள்.
அங்கே எத்தனை பேருடைய எழுத்து கிடக்கிறதென்று
நான் எண்ணுவதில்லை.

யூவும் பியும் மட்டும் புதிதாக வெட்ட வேண்டும்.
துணிக்கு விண்ணப்பம் எழுதி
மாடிக்கு அனுப்பியிருக்கிறேன்.
மூன்று கையெழுத்து வேண்டுமாம்.
அதுவரை அவன் முதுகில்
இரண்டு இடம் காலி.