பன்னிரண்டு நிமிடம் வேகம்

சிறுசேரியில் என் வேலை
கடிகாரங்களை ஒத்துப்போக வைப்பது.
முள் இல்லாத கடிகாரங்கள்;
குளிரூட்டிய கூடத்தில் அடுக்கடுக்காய் நிற்கும்
இயந்திரங்களுக்குள் யாரும் பார்க்காமல் ஓடுபவை.
ஒன்று மற்றதைவிட
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிந்தினாலும்
என் திரையில் சிவப்பு எரியும்.
அனுப்பாத பணம் வந்து சேர்ந்துவிடும்,
கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிடும்
என்று பயிற்சியில் பயமுறுத்தினார்கள்.
எங்கள் வீட்டில் அதுதானே வழக்கம்.

வீட்டுச் சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் வேகம்.
கம்பெனி பஸ்ஸுக்காக நானே திருப்பி வைத்தது.
பொய்யென்று தெரியும்.
தெரிந்தும் தினமும் ஓடுகிறேன்.

இருதயராஜின் நேரம் வேறு.
முதுகில் பை, ஹேண்டில்பாரில் போன்.
புரசைவாக்கத்துப் பிரியாணி வியாசர்பாடிக்குப்
பதினொரு நிமிடம் என்று அது சொன்னால் பதினொன்றுதான்.
லிஃப்ட் ஓடாத நாலாவது மாடி,
குறுக்கே வரும் சாமி ஊர்வலம்,
எல்லாம் அவன் கைச்செலவு.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்தூண் இருக்கிறதாம்.
அங்கே நட்சத்திரம் பார்த்து
இந்த ஊருக்கென்று தனி நேரம் குறித்தார்களாம்,
இப்போதைய நேரத்துக்கு
எட்டு நிமிடம் நாற்பத்தாறு நொடி பின்னால்.
கேண்டீனில் ஹாஜிரா சொன்னாள்.
"அந்த எட்டு நிமிஷத்த யாருடி எடுத்துக்கிட்டா?"
சப்பாத்தியைக் கிழித்தபடி கேட்டாள்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
என் திரையில் எல்லாம் பச்சை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட செவ்வாய்க்கிழமை
அவனுடைய நீலப்புள்ளி
கணேசபுரம் சுரங்கப்பாதை வாயில் நின்றது.
கீழே ஒரு வரி:
நான்கு நிமிடங்களுக்கு முன்பு.
பிறகு, பதினேழு நிமிடங்களுக்கு முன்பு.
பிறகு முப்பத்தெட்டு.
நின்ற இடத்தில் நின்றபடியே
அவன் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.
எங்க இருக்க, என்று அனுப்பினேன்.
பதில் போடு.
டேய்.
ஒற்றை டிக், ஒற்றை டிக், ஒற்றை டிக்.
எனக்கு முன்னே நாலாயிரம் இயந்திரங்கள்
மணி எட்டு ஐம்பத்திரண்டு என்பதில்
ஒருமனதாக இருந்தன.
அவ்வளவு துல்லியமாக
எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

வீடு சேர்ந்தபோது சுவரில் ஒன்றரை,
அதாவது ஒன்று பதினெட்டு.
அடுப்படித் தரையில் உட்கார்ந்து
ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்துக்கொண்டிருந்தான்.
இடுப்பளவு தண்ணி, வண்டிய தள்ளிக்கினே போனேன், என்றான்.
முக்கால் மணி நேரமா நாலு நிமிஷம்னே காட்டுதேப்பா
என்று அந்த வீட்டம்மா திட்டினாளாம்.
திட்டிவிட்டுத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாளாம்.
"பிரியாணி சூடு ஆறல, தெரியுமா?"
அதில்தான் அவனுக்குப் பெருமை.

நனைந்த போன் அரிசி டப்பாவுக்குள் போனது.
இரண்டு நாள் அவன் எந்த நேரத்திலும் இல்லை.
பசித்தால் சாப்பிட்டான்.
வாசலுக்குப் போய் வந்து
"மூணாவது படி தெரியுது" என்றான்.
சாயங்காலம், "நாலாவது."
அதற்குமேல் மணி கேட்க
எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை இருட்டோடு
டப்பா உறுமியது.
ஒருமுறை. இன்னொரு முறை. அப்புறம் நிற்கவே இல்லை.
மூன்று நாள் ஒரே மூச்சில் வந்து இறங்கியது
எல்லாவற்றிலும் இப்போது என்று எழுதிக்கொண்டு.
எங்க இருக்க. பதில் போடு. டேய்.
செவ்வாய்க்கிழமை நான் பயந்த பயம்
ரேஷன் அரிசிக்குள் முனகிக்கொண்டிருந்தது.
அவனோ என் பக்கத்தில்
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு உலை வைக்க வேண்டும்,
அப்போது மூடியைத் திறந்தே ஆகவேண்டும்.
நிமிர்ந்து பார்த்தேன்.
சுவரில் சரியாக ஆறு.

இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.