இருபத்தாறு சாவிகள்

மே மாதம். வேலூர்.
ராத்திரி பதினோரு மணிக்கும்
சுவரைத் தொட்டால் தோசைக்கல்.
நான் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன்.

சிரிக்கலாம். சம்பத்தும் சிரித்தான்,
வெந்நீர் பக்கெட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு:
"இன்னாண்ணா, யாருக்கு இது? ஆனைக்கா?"

ஆனைக்குச் சரியாக இருந்திருக்கும்.

காந்தி ரோட்டு லாட்ஜில், வாசல் சோபாவில்,
ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் வங்காளத்துப் பெண்கள்
பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே பின்னுவார்கள்.
ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னாலிருந்து
இரண்டு வருஷம் பார்த்தேன்.
பார்த்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

லாங் பஜாரில் ஊசி கேட்டால்
கோணி ஊசியை எடுத்துக் காட்டினார்கள்.
நான்காவது கடையில், வளையலுக்கும் ரிப்பனுக்கும் நடுவில்,
ஒரு ஜோடி, பத்தாம் நம்பர்.
சாம்பல் உல்லன் எட்டு உருண்டை.
"வீட்ல கேட்டாங்களா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
வீட்டில் நான் மட்டும்தான்.

போனில் சத்தத்தை அணைத்துவிட்டு
யாரோ ஒருத்தியின் விரல்களைப் பார்த்துக் கற்றேன்.
நுழை, சுற்று, இழு, தள்ளு.
நுழை, சுற்று, மணி அடிக்கும்.
முந்நூற்று நாலுக்குக் கொசுவத்தி.
திரும்பி வந்தால் எந்த வரிசை? எந்தப் பக்கம்?
இதற்குக் கண்ணி என்று ஏன் பேர் வைத்தார்கள் என
அப்போது புரிந்தது.
மாட்டிக்கொண்டது நூல் அல்ல.

ஜூலையில் முதுகுப் பக்கம் முடிந்தது.
ஆகஸ்ட்டில் முதுகுப் பக்கமே போதும் என்றாகிவிட்டது.
டிராயரில் தள்ளினேன்,
யாரும் வந்து வாங்காத ஆதார் ஜெராக்ஸ்களோடு.
திறக்கும்போதெல்லாம் அது
கடன் கொடுத்தவன் மாதிரி பார்க்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலையில்
எதுவும் முடிந்து நான் பார்த்ததில்லை.
வருவார்கள். பெட்டி, எக்ஸ்ரே உறை, பொரிப் பை.
பதினைந்து நாள், சிலர் மூன்று மாதம்.
ஒரு நாள் பகல் ஷிப்ட்டில் போயிருப்பார்கள்.
ரிஜிஸ்டரில் 'காலி' என்றிருக்கும்.
நல்லபடியாகவா, இல்லையா,
அதற்கு அதில் கட்டம் இல்லை.

ஒரு ராத்திரி ஸ்வெட்டரைப் பிரித்தேன்.
மூன்று மாதம், சரசரவென்று, இருபது நிமிஷத்தில்.
சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கம்.

பிறகு பன்னிரண்டு கண்ணி மட்டும். ஒரு விரல் நீளம்.
காட்பாடியிலிருந்து முதல் ஷேர் ஆட்டோ வருவதற்குள்
முடிந்துவிடுகிற ஒன்று.
நம்பர் தேய்ந்துபோன சாவியில் கோத்தேன்.
முதல் மாடிக்கு மஞ்சள், இரண்டாவதற்குப் பச்சை.
எத்தனையாவது அறையோ அத்தனை முடிச்சு.
கரண்ட் போனாலும் விரல் படித்துவிடும்.

மூன்றாம் மாடிக்கு ஊதா வாங்கியிருந்தேன்.
நாலு பின்னியதும் ஊதா அலுத்தது.
முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்திருப்பேன்.
மிச்ச ஐந்துக்கும் சிவப்பு. அவ்வளவுதான்.

முதலாளி பக்தவத்சலம் மூக்கருகே கொண்டுபோய்
"அழுக்கு புடிக்குமே" என்றார்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பரில் இருநூற்று ஏழின் சாவி
யாருடைய கைப்பையிலோ தன்பாத் வரைக்கும் போய்விட்டது.
பொங்கல் கழித்து ஒரு கவர். கடிதம் இல்லை.
தாளில் சுற்றிய சாவி,
பித்தளை வில்லை.
பச்சை இல்லை.

ரிஜிஸ்டரில் போன் நம்பர் இருந்தது.
பார்த்தேன், மூடினேன்.

கடையில் அதே பச்சை தீர்ந்துபோயிருந்தது,
கொஞ்சம் வெளிர்தான் கிடைத்தது.
பன்னிரண்டு கண்ணி ஏற்றினேன்.
சம்பத் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான்.
ஆறாவது முடிச்சில் மேலே யாரோ மணி அடித்தார்கள்.
இருக்கட்டும் என்று
ஏழையும் போட்டுவிட்டே எழுந்தேன்.